பிரஷரும் மலைக்காய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மலையில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு, பிரஷர் மாத்திரை வாங்க வருகிறவர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பாதி மாத்திரையைப் பற்றியவை அல்ல. பூண்டு, பீட்ரூட், சௌசௌ, அதிமதுரம் என்று வாயில் போடும் பொருள்களைப் பற்றியவை. ஒரே சந்தேகம் பூம்பாறையிலிருந்தும் வருகிறது, பண்ணைக்காட்டிலிருந்தும் வருகிறது. ஆகவே கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன். அழுத்தம் பாதரச மில்லிமீட்டரில் அளக்கப்படுகிறது. ஊரில் எல்லோரும் ‘பாயிண்டு’ என்று சொல்வதால் இங்கே ‘புள்ளி’ என்றே எழுதுகிறேன். 150/90 என்றால் 150 மேல் அளவு, 90 கீழ் அளவு.

1. பிரஷருக்குன்னு ஒரே ஒரு காய் சொல்லுங்கண்ணே, அதையே தின்னுக்கிறேன்.

அப்படி ஒரு காய் கிடையாது. நாம் உண்ணும் செடிகள் இரத்த அழுத்தத்தைப் பல வழிகளில் தொடுகின்றன. பொட்டாசியம் நிறைந்த காய், பழம், கிழங்கு ஆகியவை உப்பிலுள்ள சோடியத்தைச் சிறுநீரகம் கூடுதலாக வெளியேற்ற உதவுகின்றன. பீட்ரூட்டிலும் கீரையிலும் உள்ள நைட்ரேட் உடலுக்குள் உருமாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. பூண்டின் கந்தகப் பொருள்களும் அதே குழாய்களைத் தளர்த்துகின்றன, ஆனால் வேறு வழியில். இவற்றுக்கு நேர்மாறாக, அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

ஒரே காயைத் தேடுவதைவிடத் தட்டு முழுவதையும் பார்ப்பதே பலன் தரும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. அமெரிக்காவில் 459 பேரை வைத்து நடத்தி 1997-இல் வெளியிட்ட ‘டாஷ்’ உணவுமுறை ஆய்வில், உப்பின் அளவையும் உடல் எடையையும் மாற்றாமல், காயும் பழமும் கொழுப்புக் குறைந்த பாலும் மிகுந்த உணவை எட்டு வாரம் கொடுத்தார்கள். ஏற்கெனவே பிரஷர் இருந்தவர்களுக்கு, வழக்கமான உணவு உண்டவர்களோடு ஒப்பிடும்போது, மேல் அளவு ஏறத்தாழ 11 புள்ளியும் கீழ் அளவு 5 புள்ளிக்குச் சற்று மேலும் இறங்கின.

2. அப்போ மாத்திரை எதுக்கு? சாப்பாட்டுலயே பதினோரு பாயிண்டு எறங்குதுல்ல?

சாதாரண அளவில் கொடுக்கப்படும் ஒரு பிரஷர் மாத்திரை சராசரியாக 9/5 புள்ளி இறக்குகிறது. முழு உணவுமுறையும் மாறினால் அதற்கு நிகரான பலன் வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆய்வில் மூன்று வேளை உணவையும் ஆய்வாளர்களே சமைத்துக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரு காயை மட்டும் கூட்டிக்கொண்டு மற்றதெல்லாம் பழையபடி உண்பவருக்கு இரண்டு முதல் ஐந்து புள்ளி இறங்கினாலே நல்ல பலன் என்பேன்.

160-இல் இருப்பவருக்கு ஐந்து புள்ளி போதாது; 135-இல் இருந்து, இன்னும் மாத்திரை தொடங்காதவருக்கோ அது பெரிய உதவி. யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே இந்தப் பக்கத்தில் உள்ள பல பதில்களும் மாறும்.

3. பூம்பாறைப் பூண்டு வெறும் வயித்துல பச்சையா நாலு பல்லு தின்னா பிரஷர் எறங்குமா?

பூண்டுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மேல் அளவு சராசரியாக எட்டுப் புள்ளி வரை இறங்கியது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பூண்டுத் தூளையோ நாள்பட ஊறவைத்து எடுத்த சாற்றையோ மாத்திரையாக்கி, வாரக்கணக்கில் கொடுத்தவை. பச்சைப் பல்லை மென்று தின்னச் சொன்னவை மிகக் குறைவு. அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கு அதே பூண்டு குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் செய்யவில்லை.

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது; அதன் காரமும் நெடியும் கந்தகப் பொருள்களால் வருபவை. அந்தக் காரம் பிரஷரையும் கூடுதலாக இறக்கும் என்று கடைக்காரர் சொன்னால், அது விற்பனைப் பேச்சு. வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் மலைப்பூண்டையும் வெளிமாநிலத்திலிருந்து வரும் பூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரஷர் நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வு எதையும் காட்டி யாரும் அப்படிச் சொல்வதில்லை. நம் ஊர்ப் பூண்டை வாங்குங்கள், மணமும் இருப்புத் தன்மையும் நன்றாக இருக்கும். பிரஷருக்காக இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை.

வெறும் வயிற்றில் நான்கு பல் தின்பதால் பிரஷரைவிட முதலில் வயிறுதான் பேசும். நெஞ்செரிச்சல் இருப்பவர்கள், குடற்புண் இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். சாப்பாட்டோடு ஒன்றிரண்டு பல் போதும்.

4. நாங்க பால்ல வேகவச்சுத்தான் குடிக்கிறோம். அது பத்தாதா?

பூண்டின் முக்கியப் பொருளான அல்லிசின், முழுப் பல்லில் இருப்பதில்லை. பல்லை நசுக்கும்போது அதற்குள் தனித்தனியாக இருக்கும் ஒரு பொருளும் ஒரு நொதியும் கலந்து, அப்போதுதான் அல்லிசின் உருவாகிறது. நசுக்கியவுடன் மூக்கில் ஏறும் நெடி அதுதான். அந்த நொதி வெப்பத்தில் செத்துவிடும் என்பதால், முழுப் பல்லை அப்படியே கொதிக்கும் பாலில் போட்டால் அல்லிசின் உருவாகவே வாய்ப்பில்லாமல் போகிறது.

செய்முறையில் ஒரு சிறு மாற்றம் போதும். பல்லை உரித்து அம்மியிலோ கரண்டியின் அடியிலோ நசுக்கி, பத்து நிமிடம் தட்டில் விட்டுவிட்டு, பிறகு பாலிலோ ரசத்திலோ கடைசியாகச் சேர்த்துச் சிறிது நேரம் மட்டும் சூடாக்குங்கள். பச்சைப் பூண்டுக்கு நிகராக இராது என்றாலும், முழுப் பல்லை அரைமணி நேரம் வேகவைப்பதைவிட மேல். இரவில் பூண்டுப்பால் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். அது வேறு கணக்கு.

5. ஆஸ்பிரின் சாப்பிடறேன், பூண்டும் சாப்பிடலாமா?

குழம்பில் போடும் பூண்டுக்குத் தடையில்லை. மருந்து போல நாள்தோறும் பச்சைப் பூண்டு பல பல் தின்பதும் பூண்டு கேப்சூல் விழுங்குவதும் வேறு: இரத்தம் உறைவதைப் பூண்டு சிறிதளவு தாமதப்படுத்தும் என்பதால், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளோடு சேரும்போது இரத்தக் கசிவு கூடலாம். பல் பிடுங்குவதோ அறுவை சிகிச்சையோ இருந்தால், ஒரு வாரம் முன்பே அந்தக் கூடுதல் பூண்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், ஏனென்றால் ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்’ என்ற கேள்விக்குப் பூண்டை யாரும் பதிலாகச் சொல்வதில்லை.

6. பீட்ரூட் ஜூஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல எறங்கிருச்சுன்னு எங்க மச்சான் மெஷினோட வந்து காட்டுறான். நெசமா?

உண்மையாக இருக்கலாம். பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு, உமிழ்நீர்ச் சுரப்பிகள் வழியாக மறுபடியும் வாய்க்கு வருகிறது. நாக்கின் பின்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதை விழுங்கிய பிறகு உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடு உருவாகி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. குடித்த இரண்டு, மூன்று மணி நேரத்தில் பலன் உச்சத்தில் இருக்கும். மறுநாள் அதே நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடும். இலண்டனில் பிரஷர் நோயாளிகளுக்கு நாள்தோறும் 250 மில்லி வீதம் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில் மேல் அளவு எட்டுப் புள்ளி அளவுக்கு இறங்கியது. குடிப்பதை நிறுத்தியதும் பழைய இடத்துக்கே திரும்பியது.

இந்த வழி வாயின் நுண்ணுயிர்களை நம்பியிருப்பதால், கிருமிநாசினி கலந்த மவுத்வாஷால் நாள்தோறும் கொப்பளிப்பவர்களுக்குப் பீட்ரூட்டின் பலன் பெரிதும் குறைந்துவிடுகிறது. பீட்ரூட் வேலை செய்யவில்லை என்று குறை சொன்ன ஒருவரிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான். பல் மருத்துவர் சில நாளுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் கொப்பளியுங்கள். வாய் மணக்க வேண்டும் என்பதற்காக மாதக்கணக்கில் வேண்டாம்.

நைட்ரேட் நீரில் கரையக்கூடியது. நறுக்கி வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதுவும் சாக்கடைக்குப் போகிறது. குறைந்த தண்ணீரில் வேகவைத்துப் பொரியல் செய்வதோ தோலோடு ஆவியில் வேகவைப்பதோ நல்லது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் வடிகட்டிய ஜூஸைவிடக் காயாகவே உண்பது சரி. சிறுநீரகக் கல் வந்தவர்கள், அதிலும் ஆக்சலேட் கல் என்று சொல்லப்பட்டவர்கள், நாள்தோறும் பீட்ரூட் குடிக்கக் கூடாது.

7. ஜூஸ் குடிச்ச மறுநாளு ஒண்ணுக்கு செவப்பாப் போகுது சார், ரத்தமா?

பெரும்பாலும் பீட்ரூட்டின் நிறம்தான். சிலருக்கு மட்டும் அப்படிப் போகும், தீங்கில்லை. பீட்ரூட்டை நிறுத்தி இரண்டு நாள் கழித்தும் சிவப்பாகவே போனால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

8. பீட்ரூட் தழை, முள்ளங்கித் தழையெல்லாம் மாட்டுக்குத்தான் போடுறோம். மனுசனுக்கு அதுல என்ன இருக்கு?

கிழங்கில் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. நூறு கிராம் பீட்ரூட் கிழங்கில் ஏறத்தாழ 325 மில்லிகிராம் பொட்டாசியம் என்றால், அதன் தழையில் 760 மில்லிகிராம்; நைட்ரேட்டும் தழையில் உண்டு. தோட்டத்தில் பீட்ரூட் பிடுங்கும் நாளில் வரப்போரம் குவிந்து கிடக்கும் தழையைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இளந்தழையாகப் பொறுக்கி, பருப்போடு கடைந்தால் குழந்தைகளும் உண்பார்கள். மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை மட்டும் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெளிப்பது தழை மேல்தான் படுகிறது.

வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும் என்பதால், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதுதான் பாதுகாப்பு.

9. உருளைக்கிழங்கு வாயு, பிரஷருக்கும் ஆகாதுன்னு எங்க மாமியார் தொடவே விட மாட்டேங்குறாங்க.

உருளைக்கிழங்கின் பொட்டாசியம் வாழைப்பழத்துக்குச் சளைத்ததல்ல: தோலோடு வேகவைத்த நூறு கிராமில் 380 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. சமைக்கும் முறைதான் அதன் பெயரைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் பெருந்திரளானவர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு நான்கு முறையோ அதற்கு மேலோ உருளைக்கிழங்கு உண்பவர்களுக்குப் பிரஷர் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அங்கே அதை வெண்ணெயோடும் உப்போடும், எண்ணெயில் பொரித்தும் உண்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மாமியார் சொல்வதில் சர்க்கரை நோயாளிக்குப் பொருந்தும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் சோற்றோடு கிழங்கும் சேர்ந்தால் மாவு இரட்டிப்பாகிறது. பிரஷர் மட்டும் இருப்பவர், சோற்றைக் குறைத்துக்கொண்டு வேகவைத்த கிழங்கை மிளகுத்தூள் தூவி உண்ணலாம். பஸ் ஸ்டாண்டில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் இந்தக் கணக்கில் வராது.

10. விருப்பாச்சி வாழைப்பழமும் பட்டர் ஃப்ரூட்டும் பிரஷருக்கு நல்லதாமே?

நல்லதுதான். கீழ்மலையில் காப்பித் தோட்டத்துக்குள் விளையும் விருப்பாச்சிப் பழம் உட்பட வாழைப்பழத்தில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 360 மில்லிகிராம், பட்டர் ஃப்ரூட்டில் 485 மில்லிகிராம் பொட்டாசியம் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு மூன்றரை கிராமாவது பொட்டாசியம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பட்டர் ஃப்ரூட்டில் சர்க்கரை போட்டு மில்க் ஷேக் அடித்துக் குடிப்பவர்கள், எடை கூடினால் பிரஷரும் கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பஞ்சாமிர்தத்திலும் விருப்பாச்சிப் பழம்தான் இருக்கிறது என்று ஒரு பெரியவர் என்னை மடக்கப் பார்த்தார். அதில் சர்க்கரையும் இருக்கிறது, ஐயா.

11. சௌசௌ தண்ணி காய், அது பிரஷரை எறக்கும்னு பண்ணைக்காட்டுல எல்லாரும் சொல்றாங்க.

சௌசௌவில் பொட்டாசியம் குறைவு, நூறு கிராமுக்கு 125 மில்லிகிராம்தான். மருந்து என்று சொல்லும் அளவுக்கு மனிதரிடம் நடந்த ஆய்வு அதற்குப் பின்னால் இல்லை. ஆனால் கலோரி குறைவு, விலை குறைவு, உப்பு அதிகம் கேட்காத காய். சோற்றின் அளவைக் குறைத்துக் கூட்டை நிறைய வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட வசதியான காய் நம் மலையில் இல்லை.

12. கிரியேட்டினின் கொஞ்சம் கூட இருக்குன்னு டாக்டர் சொன்னார். இதெல்லாம் நானும் தின்னலாமா?

இதற்கு முன் நான் எழுதிய பதில்களில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையைச் சிறுநீரகம்தான் செய்கிறது. அது தளர்ந்தால் (கிரியேட்டினின் கூடுவது அதன் அடையாளம்) இரத்தத்தில் பொட்டாசியம் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறி, முன்னறிவிப்பு ஏதுமின்றி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மற்றவருக்கு நன்மை செய்யும் பீட்ரூட் தழையும் பட்டர் ஃப்ரூட்டும் உங்களுக்கு அளவு பார்த்து உண்ண வேண்டியவை.

பிரஷர் மாத்திரைகளிலும் பொட்டாசியத்தைத் தேக்குபவை உண்டு: எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன். சிறுநீரகம் நன்றாக இருப்பவர் இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே வழக்கமான அளவில் காய் பழம் உண்பதில் சிக்கல் இல்லை. சிறுநீரகக் குறைவும் இந்த மாத்திரையும் ஒன்றுசேரும் இடத்தில்தான் கவனம் தேவை. உங்கள் மருத்துவரிடம் ‘என் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு உண்ணலாம்’ என்று நேரடியாகக் கேளுங்கள். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும்.

குறைத்து உண்ணச் சொன்னால், கிழங்கையும் காயையும் தோல் சீவி, சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். கேள்வி 6-இல் வேண்டாம் என்று சொன்ன அதே வடித்தல் உங்களுக்கு வேண்டும்.

13. கடை உப்பு விட்டுட்டு இந்துப்புக்கு மாறிட்டேன். இனி உப்பு அளவு பாக்க வேண்டாம்ல?

பார்க்கத்தான் வேண்டும். இந்துப்பும் ஏறக்குறைய முழுவதும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் தரும் மற்ற தாதுக்கள் மிகச் சிறிய அளவு. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டும் பயன்படுத்துவதில் இன்னொரு குறையும் உண்டு: மழையில் மண் அரித்துப்போகும் மலைப் பகுதிகளில் அயோடின் குறைவால் கழுத்துக் கழலை வருவது பழைய கதை. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வர்க்கி, மிக்சர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். பூண்டு ஊறுகாய் பிரஷருக்கு நல்லது என்று கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதில் பூண்டு தரும் பலனை உப்பு விழுங்கிவிடுகிறது.

சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்த ‘லோ சோடியம்’ உப்பு கடையில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைக் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியான ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. இந்தப் பக்கத்தில் வரும் சான்றுகளிலேயே எனக்கு வலுவாகப் படுவது இதுதான், காய்க்கான சான்றைவிடவும். கேள்வி 12-இல் சொன்ன சிறுநீரகக் குறைவு உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது; அங்கே சொன்ன, பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

14. டீ, காப்பி குடிச்சா பிரஷர் ஏறுமா, எறங்குமா?

இரண்டும் நடக்கும். காப்பியில் உள்ள காஃபீன் குடித்த சில நேரத்துக்கு அழுத்தத்தைச் சில புள்ளிகள் ஏற்றும். நாள்தோறும் குடித்துப் பழகியவருக்கு அந்த ஏற்றம் குறைவு. தேயிலையை நாள்தோறும் குடிப்பவர்களிடம் மாதக் கணக்கில் அழுத்தம் ஓரிரு புள்ளி இறங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தாண்டிக்குடிக் காப்பியை விட வேண்டியதில்லை. இரண்டு வேளையோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அளக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கடைக்கு எதிரே டீ குடித்துவிட்டு, படியேறி மூச்சு வாங்க வந்து, ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டிவிட்டு, பேசிக்கொண்டே கையை நீட்டுகிறவருக்கு மெஷின் எதையும் காட்டும். டீ குடித்து அரைமணி நேரமாவது ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வெறும் கையை மேசையில் இதய உயரத்தில் வைத்து, பேசாமல் பாருங்கள். பீட்ரூட்டால் இறங்குவதைவிடப் பெரிய வித்தியாசம் இதில் மட்டுமே வந்துவிடும்.

15. வீட்டுல செம்பருத்தி இருக்கு. அந்த டீ பிரஷருக்கு நல்லதுன்னு வீடியோல பாத்தேன்.

ஆய்வு நடந்த செடி வேறு. சான்று இருப்பது புளிச்சக்கீரை இனத்தைச் சேர்ந்த, காயைச் சுற்றிச் சிவந்து சதைப்பற்றோடு இருக்கும் இதழ்களைக் கொண்ட செடிக்கு. கடைகளில் உலர்த்தி ‘ரோசெல்’ என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் 65 பேரை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு மூன்று கோப்பை வீதம் ஆறு வாரம் குடித்தவர்களுக்கு மேல் அளவு ஏழு புள்ளி இறங்கியது. நிறமும் சுவையும் மட்டும் சேர்த்த போலிப் பானம் குடித்தவர்களுக்கு ஒரு புள்ளிதான். வேலியில் பூக்கும் செம்பருத்திக்கு அந்த எண்ணைப் பொருத்தக் கூடாது. ரோசெல் டீ புளிக்கும். புளிப்பைப் போக்கச் சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள்.

16. பனியில இருமல் விடவே மாட்டேங்குது. அதிமதுரம் கஷாயம்தான் ஒரு மாசமாக் குடிக்கிறேன், மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் ஏறிக்கிட்டே போகுது.

இந்தப் பக்கத்தைத் தொகுக்க என்னைத் தூண்டியது இந்தக் கேள்விதான். அதிமதுரத்தில் இனிப்புத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. நம் உடலில் சுரக்கும் கார்டிசால், சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கும் வேலையைச் செய்யாமல் இருக்க அங்கே ஒரு நொதி காவல் இருக்கிறது. கிளிசிரைசின் அந்த நொதியை முடக்கிவிடுவதால் உடல் உப்பையும் நீரையும் பிடித்துவைத்துக்கொண்டு பொட்டாசியத்தை இழக்கிறது. கால் வீக்கம், தசைத் தளர்ச்சி, கெண்டைக்கால் பிடிப்பு, ஏறும் பிரஷர் எல்லாம் இதன் அடையாளங்கள். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரையும் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியம் இரண்டு வழியிலும் போகும். அது இதயத்துக்கு ஆபத்து.

இரண்டு மூன்று நாள் தொண்டைக் கரகரப்புக்கு ஒரு சிறு துண்டைச் சப்புவது வேறு, மாதக் கணக்கில் கஷாயம் குடிப்பது வேறு. பிரஷர் உள்ளவர்கள் இரண்டாவதை அறவே விட வேண்டும். நிறுத்திய உடனே சரியாகிவிடாது, பழைய நிலைக்கு வர ஓரிரு வாரம் ஆகலாம். அதற்குள் மருத்துவரைப் பார்த்துப் பொட்டாசியப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கடையில் வாங்கும் இருமல் சூரணம், லேகியம், மிட்டாய் ஆகியவற்றின் அட்டையிலும் அதிமதுரம் இருக்கிறதா என்று படியுங்கள். இன்னொன்று: எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரையே சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். மாத்திரையால் வந்த இருமலுக்கு அதிமதுரம் குடித்துப் பிரஷரை ஏற்றிக்கொள்ளும் வட்டத்தில் சிலர் மாட்டியிருக்கிறார்கள். இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினால் மாத்திரையின் பெயரையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

17. பம்ப்ளிமாஸ் தின்னா பிரஷர் மாத்திரையோட சேராதுன்னு சொல்றாங்களே?

ஆய்வுகளில் முதலில் பிடிபட்டது அதன் நெருங்கிய உறவான கிரேப் ஃப்ரூட். அதிலுள்ள ஒரு வகைப் பொருள், குடலில் மாத்திரையைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுவதால், விழுங்கிய மருந்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் பங்கு இரத்தத்துக்குப் போய் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கக்கூடும். ஃபெலோடிபின் மாத்திரையில் இது மிகுதி, நிஃபெடிபினிலும் உண்டு. நம் பக்கம் அதிகம் எழுதப்படும் ஆம்லோடிபினில் மிகக் குறைவு. பம்ப்ளிமாஸிலும் அதே வகைப் பொருள் உண்டு என்பதால் முதல் இரண்டு மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. கமலா ஆரஞ்சுக்கு இந்தத் தடை இல்லை.

18. ஏலக்காய், மிளகு, ஆளிவிதை, தவிட்டுப்பழம்?

ஆளிவிதைக்குச் சான்று உண்டு: கால் இரத்தக் குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கு நாளுக்கு 30 கிராம் பொடித்த விதையை ஆறு மாதம் கொடுத்தபோது பிரஷர் நன்றாகவே இறங்கியது. ஏலக்காய்க்கு இருப்பது சிலரை மட்டும் வைத்து நடந்த சிறிய ஆய்வு, நம்பிக் காசு போட முடியாது. மிளகு, உப்பைக் குறைத்த சமையலுக்குச் சுவை தருகிறது. அதுவே அதன் பெரிய உதவி. தவிட்டுப்பழத்தை ருசிக்காகத் தின்னுங்கள்.

19. காட்டுல ஒரு வேர் இருக்கு, அரைச்சுக் குடிச்சா மாத்திரையே வேண்டாம்னு ஒருத்தர் குடுத்தார்.

வாங்காதீர்கள். அவர் சொல்வது சர்ப்பகந்தாவாக இருந்தால், அது உண்மையிலேயே பிரஷரை இறக்கும், அதனால்தான் அச்சம். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதன் பலனைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் (பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்) எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகம் முழுவதும் மாத்திரையாகப் போனது. கடும் மனச்சோர்வு உள்ளிட்ட பக்க விளைவுகளால் பிறகு அதன் பயன்பாடு சுருங்கியது. ஒரு வேரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அது சர்ப்பகந்தாவே இல்லாமல் வேறு வேராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

20. பூண்டு, பீட்ரூட், உப்புக் கொறைப்பு எல்லாம் மூணு மாசமாச் செய்றேன், இப்ப 124 வந்திருச்சு. மாத்திரைய நிறுத்திரலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. 124 என்பது மாத்திரையும் உணவும் சேர்ந்து காட்டும் எண். அதில் எது எவ்வளவு என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடினோலால், மெட்டோபுரோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் இதயத் துடிப்பும் பழைய அளவையும் தாண்டி எகிறலாம். பருவத்தையும் பாருங்கள்: ஏழாயிரம் அடி உயரத்தில், உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் குளிரால் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் சில புள்ளிகள் கூடுவது இயல்பு. சித்திரையில் பார்த்த 124-ஐ நம்பி நிறுத்தியவர் பனிக்காலத்தில்தான் மாட்டிக்கொள்வார்.

ஆனால் மாத்திரையைக் குறைக்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. உணவும் எடையும் மாறியவர்களுக்கு மருத்துவர்கள் அளவைக் குறைப்பது உண்டு. அதற்கு அவருக்குத் தேவை ஒரே ஒரு எண் அல்ல. ஒரு வாரம், காலையில் மாத்திரை போடும் முன்பும் இரவு படுக்கும் முன்பும், கேள்வி 14-இல் சொன்னபடி உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள். வீட்டில் மெஷின் இல்லாதவர்கள், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரப் பணியாளரிடம் பார்த்துக்கொண்டு, அவர் சொல்லும் எண்ணைத் தேதியோடு குறித்துவையுங்கள். அந்தத் தாளின் ஓரத்திலேயே எத்தனை பல் பூண்டு, எவ்வளவு பீட்ரூட், என்ன கஷாயம் என்பதையும் எழுதி, மாத்திரை அட்டையோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள். முதலில் எந்த மாத்திரையைக் குறைப்பது, எத்தனை வாரம் கழித்து மறுபடி அளப்பது என்பதை அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.